கனடாவில் கம்பனி, கொக்குவிலில் கந்தோர்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்று பொடியங்கள் வீட்டுப் படலையில் வந்து நிற்பார்கள். "அண்ணை, வெளியில போய் ஒரு ஸ்டார்ட்அப் தொடங்க என்ன செய்ய வேணும்?" அம்மா தேத்தண்ணி கொடுப்பா, நான் இரண்டு மணித்தியாலம் கதைப்பேன். ஒவ்வொரு முறையும் அதே கதைதான். இந்த முறை எழுதிவிடுகிறேன்.

நான் 2010 இல் மாணவர் விசாவில் ரொறன்ரோ போனவன். 2016 இல் கம்பனி பதிந்தேன். கார் ஓட்டப் பழக்கும் பள்ளிகளுக்கு மென்பொருள் செய்கிறோம். 2018 முதல் எங்கள் வேலையில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டில்தான் நடக்கிறது.

முதலில் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எடுங்கள், பிறகு கம்பனியைப் பாருங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், தெரியும். கனடாவில் படித்து முடித்தவர்கள் வழக்கமாகப் போகும் வழியில் ஒரு வருடத் திறன்சார் வேலை அனுபவம் கேட்பார்கள். சொந்தத் தொழில் செய்த காலம் அந்தக் கணக்கில் சேராது. என்னோடு படித்த ஒருவன் இது தெரியாமல், வேலை அனுமதி இருந்த காலத்தில் பெரும்பகுதியைத் தன் கம்பனியிலேயே செலவழித்துவிட்டு, கடைசியில் அவசர அவசரமாக வேலை தேடி அலைந்தான். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நிரலாளராக இருந்து பிஆர் எடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து காசு சேர்த்தேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்தது, என்ன செய்வது? பொடியங்கள் எல்லாருக்கும் ஏஐ செய்ய வேண்டும். செய்யுங்கள். ஆனால் யாருடைய கொப்பியை அது இல்லாமல் செய்யப் போகிறது என்று முதலில் சொல்லுங்கள். என் விஷயத்தில் அது உண்மையாகவே ஒரு கொப்பி. ஸ்காபரோவில் கார் பழக்கும் ஓர் அண்ணை அதை மடித்து, ரப்பர் பட்டி போட்டு, வெயில் மறைப்பில் செருகி வைத்திருப்பார். மாணவர் பெயர், பக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. ஒன்ராறியோவில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி என்றால் வகுப்பில் குறைந்தது 20 மணித்தியாலமும் காரில் 10 மணித்தியாலமும் வேண்டும். முடித்தால் ஜி2 லைசென்ஸுக்கான ஓட்டச் சோதனைக்கு 12 மாதத்துக்குப் பதில் 8 மாதத்தில் போகலாம். அதனால் அந்தக் கோடுகள் முக்கியமானவை. நான் மூன்று சனிக்கிழமை அவருடைய காரின் பின்சீற்றில் இருந்தேன். கோடு போடுவது அவருக்குப் பெரிய கரைச்சல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாணவன் வராமல் விடுவதுதான் கரைச்சல். பனிக்குள் கார் நிற்கிறது, வீட்டுக் கதவு திறக்கவில்லை, ஒரு மணித்தியாலக் காசு போச்சு. நான் ஆறு மாதம் மினக்கெட்டு எழுதிய அட்டவணைப் பக்கத்தை அவர் திறந்தும் பார்க்கவில்லை. முதல் நாள் மாலை மாணவனுக்குப் போகும் ஒற்றை எஸ்எம்எஸ்ஸுக்குத்தான் மாதம் 30 டொலர் கட்டினார்.

எங்கள் ஆட்களிடம் தொடங்குவது சுகம், அங்கேயே நிற்பதுதான் ஆபத்து. "சும்மா தா தம்பி, பிறகு பாப்பம்" என்பார்கள். காசு தருபவர்களும் பாசத்தில் தருவார்கள், குறை சொல்ல மாட்டார்கள். பிரம்டனில் ஒரு பஞ்சாபிக்காரர் நடத்தும் பள்ளிக்குப் போனேன். பத்து நிமிடத்தில் பதினொரு பிழை சொன்னார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அடுத்த ஒரு வருடம் வேலை செய்தோம்.

இனிக் கடதாசி. மத்திய அரசில் கம்பனி பதிய இணையத்தில் 200 டொலர், ஒரு மாலை வேலை. நான் கோட்டை விட்டது அதில் இல்லை. நண்பன் ஒருவனோடு ஆளுக்குப் பாதி என்று கைகொடுத்துத் தொடங்கினேன். ஏழாம் மாதம் அவன் வங்கி வேலைக்குப் போய்விட்டான். பாதிக் கம்பனி அவன் பெயரிலேயே இருந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு முதலீட்டாளர் பங்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவர் யார்?" என்றார். அந்தப் பங்கைத் திருப்பி வாங்கக் கொடுத்த காசில் இரண்டு பேருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அவனில் பிழையில்லை, எழுதாமல் விட்டது நான். பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரவேண்டும், முதல் வருடம் முடியாமல் போனால் ஒன்றும் இல்லை. இதற்கு வெஸ்டிங் என்று பெயர். கூடப் பிறந்தவன் என்றாலும் எழுதுங்கள்.

சொந்தக்காரர் காசும் அப்படித்தான். மாமா 15,000 டொலர் தந்தார், துண்டு எழுதவில்லை. அதன் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், சோற்றில் கை வைக்க முதல், "கம்பனி எப்பிடிப் போகுது?" கடனா, பங்கா, எப்போது திருப்புவது, நட்டப்பட்டால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் அணி வைப்பது "மலிவு" என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். கனேடியர் கையில் உள்ள சிறிய தனியார் கம்பனி கனடாவுக்குள் செய்யும் ஆராய்ச்சி வேலைக்கு, செலவில் 35 வீதம் வரை அரசு காசாகவே திருப்பித் தரும். கொக்குவிலில் கொடுக்கும் சம்பளம் அதில் சேராது. இதைப் போட்டுப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். நான் மலிவுக்காக இங்கே வரவில்லை. ரொறன்ரோவில் ஒரு நல்ல பொடியனைப் பிடித்தால் வருடம் முடிய முதல் பெரிய கம்பனி கொண்டுபோய்விடும். இங்கே முதல் எடுத்த நாலு பேரில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள்.

கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, தனியார் கம்பனியை இணையத்திலேயே பதியலாம். ஒரு கம்பனிச் செயலாளர் கட்டாயம் வேண்டும். இரண்டு கம்பனிக்கும் இடையில் ஒப்பந்தம் எழுதி, எழுதும் நிரல் (கோட்) எந்தக் கம்பனிக்குச் சொந்தம் என்று அதில் போடுங்கள். காசை வங்கியால் மட்டும் அனுப்புங்கள், வங்கிக்கு வெளியே ஆள்வழி கைமாறும் உண்டியல் வேண்டவே வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் இலாபத்துக்கு 15 வீதம் வரி உண்டு.

ஈபிஎவ் (ஊழியர் சேமலாப நிதி) முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். ஒரு இலட்சம் சம்பளம் என்றால் பிள்ளையிடமிருந்து 8 வீதம் கழியும். நீங்கள் மேலே 12 வீதமும் ஈரிஎவ்வுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் போட வேண்டும். அதாவது உங்களுக்குச் செலவு 1,15,000, பிள்ளையின் கைக்கு 92,000. சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நாங்கள் எடுத்த முதல் பெண் பிள்ளையின் அப்பா நேரே கந்தோருக்கு வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "வாசல்ல போர்ட் இல்லை, ஈபிஎவ் இருக்கோ?" என்று கேட்டார். அரசாங்க உத்தியோகத்தோடுதான் உங்களுக்குப் போட்டி. அடுத்த கிழமையே போர்ட் போட்டோம்.

வேலைக்கு எடுத்த பிறகு "ஓம் அண்ணை"யைப் படியுங்கள். அதில் மூன்று விதம் உண்டு: விளங்கிவிட்டது, விளங்கவில்லை ஆனால் கேட்க வெட்கம், நீங்கள் சொல்வது பிழை ஆனால் நீங்கள் பெரியவர். தொலைபேசியில் மூன்றும் ஒரே மாதிரித்தான் கேட்கும். முதல் வருடம் நான் எல்லாவற்றையும் முதல் விதம் என்றே எடுத்து நாசமாய்ப் போனேன். இப்போது "விளங்கிச்சோ?" என்று கேட்பதே இல்லை. "நாளைக்கு எத்தினை மணிக்கு எதைத் திறந்து காட்டுவாய்?" என்று கேட்பேன். பதில் வரச் சுணங்கினால் அது இரண்டாம் விதம். மூன்றாம் விதத்தைப் பிடிக்க ஒரே வழி, என் பிழை ஒன்றை எல்லாருக்கும் முன்னால் நானே சொல்வதுதான். அதற்குப் பிறகு வாய் திறப்பார்கள்.

நேரம். ரொறன்ரோவுக்கும் இங்கேக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை. கோடையில் அங்கே காலை எட்டு மணிக்கு வைக்கும் கூட்டம் இங்கே மாலை ஐந்தரை. நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றினால் அதுவே ஆறரையாகிவிடும், இருட்டிவிடும், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அதனால் குளிர்காலத்தில் நான் ஏழு மணிக்கே இருப்பேன். யார் நித்திரையை விடுவது என்றால், முதலாளிதான்.

கரண்டுக்கு இன்வேட்டரும் பற்றரியும் முதல் நாளே வாங்குங்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அப்போது வாங்கப் போனால் கடையில் பற்றரி இல்லை, இருந்ததும் டொலர் விலை ஏறிக் கைக்கு எட்டவில்லை. இணையத்துக்கு இரண்டு வேறு கம்பனி இணைப்பு வைத்திருங்கள்.

கடைசியாக, நல்லூரான் தேர்க் கிழமையில் புது வெளியீடு எதுவும் விடாதீர்கள். ஒரு வருடம் நான் ரொறன்ரோவில் இருந்தபடி விட்டேன். அங்கே இரவு ஒன்பதரைக்கு எங்கள் மென்பொருள் ஓடும் சேவர் விழுந்தது. இங்கே காலை ஏழு மணி. பொறுப்பான பொடியன் வேட்டியோடு, சேட்டுமில்லாமல், போனுமில்லாமல் வடம் பிடித்துக்கொண்டு நின்றான். தேர் இருப்புக்கு வந்து, அவன் அர்ச்சனையும் முடித்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் சேவர் எழும்பியது.