ஆஸ்டராய்ட்ஸ்: கையில் இருப்பது நான்கே குண்டு

விண்கப்பலை ஓட்டிப் பாறைகளைச் சுட்டு உடைக்கும் வீடியோ கேம் ஆஸ்டராய்ட்ஸ். அடாரி நிறுவனம் 1979 நவம்பரில் வெளியிட்ட அதை இன்று எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) தொடங்குகிறவர்களும், அன்று கடையில் காசு போட்டு ஆடியவர்கள் செய்த அதே பிழைகளைத்தான் செய்கிறார்கள். பாறையில் மோதினால் கப்பல் சிதறும் என்பதெல்லாம் முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடும், அதை விட்டுவிடுவோம்.

சுடும் பொத்தானை விடாமல் தட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத பிழை இது. பார்க்கும்போதே எரிச்சல் வரும். உங்கள் குண்டுகள் ஒரே நேரத்தில் நான்குதான் திரையில் இருக்க முடியும். அவற்றில் ஒன்று எதன்மீதாவது பட வேண்டும், இல்லை ஓடி ஓய்ந்து மறைய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது கிளம்பும். ஆகவே தூரத்துப் பாறையை நோக்கி நான்கையும் கொட்டிவிட்டால், அவை போய்ச் சேரும்வரை நீங்கள் வெறுங்கை. பக்கத்துப் பாறை என்றால் குண்டு உடனே பட்டுவிடும், அடுத்தது உடனே தயார். அதே பொத்தான்தான், கிட்டத்தில் வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் சுடுகிறது.

முதல் சுற்றில் நான்கு பெரிய பாறைகள் வரும். புதியவர் திரையின் நடுவில் நின்று சுழன்று சுழன்று நாலாபக்கமும் சுடுவார். ஒவ்வொன்றும் இரண்டு நடுத்தரப் பாறையாகும், அவை ஒவ்வொன்றும் இரண்டு சிறியவையாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பதினைந்து துண்டுகள், பெரும்பாலும் முன்பைவிட வேகமாக. சரியாக அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து உங்களைச் சுடும் பறக்கும் தட்டு வரும். பொத்தானை அழுத்தினால் குண்டு வராது. பொத்தான்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். நான்கு குண்டும் வெற்று வெளியில் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு பெரிய பாறையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கடைசித் துண்டுவரை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மொத்தம் ஏழு அடிதான்: பெரியதற்கு 20, நடுத்தரம் இரண்டுக்கும் சேர்த்து 100, சிறியவை நான்குக்கும் 400, ஆக 520 புள்ளி. இரண்டு குண்டு விட்டால் இரண்டைக் கையிருப்பில் வையுங்கள். இது புள்ளிகளால் அல்லாமல் கோடுகளால் வரையும் வெக்டர் திரை. உருவாக்கிய எட் லாக் இந்தத் திரையை விரும்பியதே கப்பலின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றுதான். மூக்கைப் பார்த்துச் சுட்டால் ஒரு குண்டு போதும்.

சுற்றைத் துடைத்து முடிப்பது

முதல் சுற்று முழுவதையும் உடைத்தால் பாறைகளில் கிடைப்பது 2,080. ஒரே ஒரு சிறிய பறக்கும் தட்டை வீழ்த்தினாலே 1,000. பிறகு எதற்கு அவசரம்? ஒரு சிறிய பாறையை, மிஞ்சினால் இரண்டை, விட்டுவையுங்கள்; சுற்று முடியாது, தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். இடது அல்லது வலது விளிம்பை ஒட்டி மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். தட்டு எதிர் ஓரத்தில் எட்டிப் பார்த்தால், விளிம்பைத் தாண்டிச் சுடுங்கள், உங்கள் குண்டு மறுபக்கம் போய் வெளிவரும். தட்டோ திரைக்குள் நேராக மட்டுமே உங்களைக் குறிவைக்கும், விளிம்பு வழியாகச் சுடும் குறுக்குவழி அதற்குத் தெரியாது. இப்படிப் பத்து தட்டு விழுந்தால் 10,000, அதாவது கூடுதலாக ஒரு கப்பல். 1982-ல் ஸ்காட் சாஃப்ரான் எடுத்த 4,13,36,440 புள்ளிச் சாதனையை 2010-ல்தான் ஜான் மெக்அலிஸ்டர் தாண்டினார். அத்தனை நீளமான ஆட்டங்கள் பாறையை உடைத்து மட்டும் நடந்தவை அல்ல.

40,000-க்கு மேல் சிறிய தட்டு மட்டுமே வரும், ஸ்கோர் ஏற ஏற அதன் குறியும் கூர்மையாகும். அதற்குள் இந்தப் பழக்கம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

பிரேக்கைத் தேடுவது

கிடையாது. மூக்கை எதிர்த்திசைக்குத் திருப்பி, கப்பலை முன்னே உந்தும் பொத்தானை ஒருமுறை தொட்டு விடுங்கள். அழுத்திப் பிடித்தால் பின்பக்கமாகப் பாய்வீர்கள்.

இதயத்துடிப்புச் சத்தத்துக்குப் பதறுவது

பின்னணியில் ஒலிக்கும் அந்த ‘தும் தும்’ விரைந்தாலும் பாறை விரைவதில்லை.

ஹைப்பர்ஸ்பேஸை நம்புவது

இந்தப் பொத்தானை அழுத்தினால் கப்பல் மறைந்து திரையில் வேறெங்கோ தோன்றும். ஆனால் திரும்பி வரும்போதே அது வெடிக்கலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸிலும் இதே பதுங்கல்

இதன் அடுத்த பதிப்பான அதில் விளிம்பை ஒட்டிப் பதுங்கிப் பயனில்லை, அங்கே தட்டு விளிம்பைத் தாண்டியும் சுடும்.