குளிரில் கார் கிளம்பவில்லையா? முதல் செல்ஃபுக்கு முன்பே சோதியுங்கள்

கோவையில் ஒரே சாவியில் எடுத்த கார், ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றதும் காலையில் மக்கர் பண்ணும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாட்களில் இது சாதாரணம். பத்து மணி வெயில் ஏறியதும் அதே கார் சமர்த்தாகக் கிளம்பிவிடும். பட்டறைக்கு ஓட்டிப் போனால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எஞ்சின் சூடானதும் இந்தக் கோளாறு தெரியாது. ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே, விடிகாலையில், செல்ஃப் அடிக்கும் முன்பே சோதனையைத் தொடங்குங்கள்.

வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்.எம். ஸ்பேனர், வயர் பிரஷ், சாவி திருப்ப இன்னொரு ஆள். ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கணினியில் செருகி சென்சார் அளவுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் பெட்ரோல் வண்டிக்கு ரொம்ப உதவும்.

படி 1: பேட்டரியை அளங்கள்

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து பிளஸ், மைனஸில் தொடுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

படி 2: செல்ஃப் அடித்துக் காது கொடுங்கள்

நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கிளட்ச் முழுக்க உள்ளே. ஒருவர் சாவியைத் திருப்பட்டும்; நீங்கள் மீட்டரைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கெடும்.

வெறும் ‘டக்’, அல்லது ‘ர்ர்… ர்ர்…’ என்று இழுத்து இழுத்துச் சுற்றினால் கரண்ட் பக்கம் கோளாறு: படி 3. வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். டீசலுக்குப் படி 4, பெட்ரோலுக்குப் படி 5.

படி 3: இழுத்துச் சுற்றினால்

செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகும். எஞ்சின் ஆயிலோ கெட்டியாகிச் சுற்றவிடாமல் பிடிக்கும். இரண்டும் சேர்ந்துதான் பழைய பேட்டரியைக் கவிழ்க்கின்றன. கம்பெனி புத்தகத்தில் 5டபிள்யூ-30 ஆயில் என்றிருக்க, யாரோ அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

மீட்டர் 11-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் இழுக்கிறது என்றால் பேட்டரியை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள். மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் அழுக்கு. இரண்டு டெர்மினலிலும் பாருங்கள். பிறகு மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளங்கள், 0.3-ஐத் தாண்டினால் எர்த் வயர் சரியில்லை.

சுத்தம் செய்ய முதலில் மைனஸைக் கழற்றுங்கள். சுடுநீரில் ஆப்ப சோடா கரைத்து, பேட்டரிக்குள் போகாமல், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த பொடியைக் கழுவி, ஈயம் பளபளக்கும்வரை பிரஷ் போடுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே வாசலின் தடவலாம்.

படி 4: டீசல், நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை

சைலன்சரைப் பாருங்கள். எரியாத டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு இல்லை: கிளம்பும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் (குளோ பிளக்) சந்தேகப்படுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை: ஃபில்டர் அடைப்பு, அல்லது லைனில் ஏர் ஏறியிருக்கும்.

ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே ஓம் அளங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம் வரும், ‘ஓ.எல்.’ (இணைப்பே இல்லை) என்று காட்டினால் அந்தப் பிளக் போய்விட்டது. நான்கில் ஒன்று போனால் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். இரண்டு, மூன்று போனால் குளிரில் கிளம்புவதே கஷ்டம். நான்கும் சரியென்றால் ஃபியூஸ், ரிலே பக்கம் பாருங்கள்.

பிளக்கை பேட்டரியில் நேராகத் தொட்டுச் சோதிக்காதீர்கள். குறைந்த வோல்ட் பிளக் என்றால் உடனே எரிந்துபோகும். பிளக்கைக் கழற்றும் வேலையைச் சூடான எஞ்சினில் செய்யுங்கள். கரி பிடித்த பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால் செலவு பல மடங்கு. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே கூடவே கூடாது: பழுத்த ஹீட்டர் பிளக்கில் அதிலுள்ள ஈதர் பட்டால் உள்ளேயே வெடிக்கும்.

படி 5: பெட்ரோல்

சாவியை ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பாமல், ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 5 டிகிரி, கூலன்ட் மட்டும் 70 என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. எஞ்சின் சூடாக இருப்பதாக ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நம்பி, குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தரவில்லை. கூலன்ட் வெப்பநிலை சென்சாரை மாற்றினால் போதும்.

அது சரியென்றால் சாவியை மூன்று தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள், ஒவ்வொன்றும் 3 விநாடி. பின்சீட்டுப் பக்கம் பம்ப் ‘உய்ங்’ என்பது கேட்கும். அதற்குப் பிறகு எடுத்தால், ராத்திரியில் பெட்ரோல் லைன் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். எடுக்காவிட்டால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் மிஞ்சிவிட்டது. மிஞ்சியிருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று, உள்ளே காயும்.

சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அநேக மாடல்கள் குளிரில் பெட்ரோலில்தான் கிளம்பும். டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் கொஞ்சப் பெட்ரோலே காரணமாக இருக்கலாம்.

பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால் முந்தைய மாலையே வண்டியை அங்கே விடுங்கள். ‘நின்றபோது 12.5, செல்ஃபில் 10.4, வேகமாகச் சுற்றியது, வெள்ளைப் புகை’ என்று சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டி, காலையில் மெக்கானிக் வரும்வரை பட்டறையில் யாரும் சாவி போட வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவையுங்கள்.