ஷிரகாவா-கோ பஸ் டூரா? ஷூவைப் பார்த்துப் போடுங்கள்

ஜப்பானின் நகோயாவிலிருந்து ஷிரகாவா-கோ கிராமம், தகயாமா நகரம் இரண்டையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் கைடு பஸ்ஸில் போகிறீர்களா? லேஸ் கட்டும் ஷூ வேண்டாம். சட்டெனக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று போதும். ஷிரகாவா-கோவில் வாதா வீடு போன்ற பழைய வீடுகளுக்குள் ஷூவோடு போக முடியாது. சாக்ஸும் ஓட்டையில்லாததாக இருக்கட்டும் (பட்டால்தான் தெரியும்!).

உள்ளே போனால் மாடி ஏறாமல் திரும்பாதீர்கள். கூப்பிய கைகள் போல நிற்கும் அந்தப் புல் கூரைக்கு அடியில்தான் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை மரங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். அடுப்புப் புகை ஏறிக் கறுத்துப் போயிருக்கும். 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர்தான், ஆனாலும் பல வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

அப்புறம், தகயாமாவின் காலைச் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும். உங்கள் பஸ் அதற்குப் பிறகு போனால் சரி, அங்கேயே இருக்கும் பழைய சன்மாச்சி தெருவுக்கு நடையைக் கட்டுங்கள். வாசலில் சுகி (ஜப்பானிய சீடர்) மர இலைப் பந்து தொங்கினால் அது சாக்கே, அதாவது அரிசி மது, தயாரிக்கும் இடம். தெருவோரம் சுட்டுத் தரும் மிதராஷி தாங்கோ, அதாவது அரிசிமாவு உருண்டை, இந்த ஊரில் இனிக்காது. சோயா சாஸ் உப்புதான். சில்லறை யென் கையில் இருக்கட்டும்.