கல்லூரி ஃபுட்பால் வீரர் கைது: செய்தி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். டெக்சஸ், ஒஹாயோ பக்கம் குடியேறியவர்கள், பிள்ளை படிக்கும் பல்கலைக்கழக அணியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், ஊரில் இருந்தபடியே ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறவர்கள் என்று பல வகை. ஆட்டத்தைப் பற்றி நன்றாகவே எழுதுகிறார்கள். ஒரு வீரர் கைதானார் என்றதும்தான் கை தடுமாறுகிறது. திருத்தச் சொல்லி எனக்கு வரும் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப இருப்பது, நாங்கள் தொடங்கிய காலத்தில் எழுதித் தள்ளிய அதே பிழைகள்தான்.

பெயரைச் சரிபாருங்கள், "குற்றம் சாட்டப்பட்ட" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்பால் உள்ளதைப் பார்ப்போம்.

நம்மூர் நடைமுறையை அங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது

எஃப்.ஐ.ஆர்., கைது, குற்றப்பத்திரிகை என்ற வரிசை நமக்கு மனதில் பதிந்துபோயிருக்கிறது. அதனால் "போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அங்கே போலீஸ் விசாரிக்கும், கைது செய்யும். வழக்கை நடத்துவதா வேண்டாமா என்பது அரசு வழக்கறிஞரின் முடிவு. பெரும்பாலான மாநிலங்களில் அவர் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்.

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் மீதான பாலியல் புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் 5 அன்று அரசு வழக்கறிஞர் வில்லி மெக்ஸ் வழக்குத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தார். அடுத்த சில நாள்களில் வின்ஸ்டனுக்கு, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. இதைச் சொல்லும்போது "வழக்கிலிருந்து விடுதலையானார்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைது இல்லை, வழக்கு இல்லை, விசாரணை நடக்கவில்லை. அப்புறம் விடுதலை எங்கிருந்து வந்தது?

அதே வின்ஸ்டன் 2014 ஏப்ரலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து 32 டாலர் சொச்சத்துக்கு நண்டுக்கால்களைக் காசு கொடுக்காமல் எடுத்துப் போனார். "திருட்டு வழக்கில் கைது" என்று அதைப் பற்றியும் எழுதுகிறார்கள். அதுவும் நடக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது சிவில் சைட்டேஷன் (கைதுக்குப் பதிலாகக் கொடுக்கும் நோட்டீஸ்), 20 மணி நேர சமூக சேவை. பேஸ்பால் அணியிலும் ஆடிக்கொண்டிருந்தவர் என்பதால் அந்த அணி அவரைச் சிறிது காலம் சஸ்பெண்ட் செய்தது. ஃபுட்பாலில் அவர் ஓர் ஆட்டம் உட்கார வேண்டிவந்தது அந்த செப்டம்பரில், கிளெம்சனுக்கு எதிராக. காரணம் நண்டு இல்லை. வளாகத்தில் நின்று ஆபாசமாகக் கத்தியது.

ஜாமீன் தொகையைப் பார்த்துக் குற்றத்தின் கனத்தை அளப்பது

அளக்காதீர்கள்.

அணி கொடுத்த தண்டனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தவறு இது. எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான்.

புதிதாக எழுத வந்த ஒரு தம்பி கட்டுரை அனுப்பியிருந்தார். நான்காவது வரியில் "அணியே நீக்கிவிட்டதால் புகார் உறுதியாகிறது" என்று இருந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டதற்குப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையை அனுப்பினார். அதில் மொத்தமே மூன்று வாக்கியம். விஷயம் எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. வீரர் அணியின் எல்லா நடவடிக்கைகளிலிருந்தும் காலவரையின்றி விலக்கப்பட்டிருக்கிறார். சட்ட நடவடிக்கை நடந்துகொண்டிருப்பதால் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கில்லை. இந்த மூன்றில் "உறுதி" எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "சும்மாவா சார் நீக்குவாங்க?" என்றார்.

குற்றம் செய்தாரா இல்லையா என்று பார்க்காமலேயே நீக்குவார்கள், தம்பி. பல பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை விதியிலேயே எழுதிவைத்திருப்பார்கள்: இன்ன வகைக் கடுங்குற்றத்தில் வழக்கு வந்தால் வீரர் உடனே விலக்கப்படுவார் என்று. யாரும் உட்கார்ந்து சாட்சியை எடைபோட்டு எடுத்த முடிவு இல்லை அது. பல சமயம் கோச்சுக்கே அதில் பேச்சு இருக்காது.

ஒரே சம்பவத்துக்கு மூன்று இடங்களில் மூன்று நடவடிக்கை ஓடும். நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணையில் பல இடங்களில் "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்ற அளவு போதும். அணியிலோ அளவுகோல் என்று ஒன்றும் கிடையாது. விதிப்புத்தகம் பாதி, கோச்சின் மனசு பாதி. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் முடியாது, ஒரே முடிவுக்கும் வராது.

விஸ்கான்சின் அணியின் ரிசீவர் குவின்டெஸ் சீஃபஸ் விவகாரத்தை இதற்காகவே நான் எல்லாரையும் படிக்கச் சொல்வேன். 2018 ஆகஸ்டில் அவர் மீது பாலியல் வன்முறை வழக்கு. உடனே அணியிலிருந்து சஸ்பெண்ட். அடுத்த ஆண்டு, குற்ற வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, பல்கலைக்கழகம் தன் விசாரணையை முடித்து அவரைக் கல்லூரியை விட்டே வெளியேற்றியது. 2019 ஆகஸ்ட் 2 அன்று ஜூரி அவர் குற்றவாளி இல்லை என்றது. ஜூரி உள்ளே போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே மாதத்தில் பல்கலைக்கழகத்தின் தலைவரான சான்சலர் ரெபெக்கா பிளாங்க் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார், விசாரணையில் வெளிவந்த புதிய தகவல்களையும் கணக்கில் எடுத்ததாகப் பல்கலைக்கழகம் சொன்னது. சீசனின் முதல் ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்தார். 2020-இல் தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸ், புதிய வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது 2019 மே மாதம் நீங்கள் இதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணி விலக்கிவிட்டது, கல்லூரி வெளியேற்றிவிட்டது. "இரண்டு பேர் தண்டித்துவிட்டார்கள், இன்னும் என்ன சந்தேகம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதியவர்கள் இருந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடினேன். பலர் ஒன்றும் எழுதவில்லை.

இதைத் தலைகீழாகவும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் "அணிகள் அவசரப்படுகின்றன" என்ற இன்னொரு தப்பான முடிவுக்குப் போய்விடுவோம். 1995 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் ரன்னிங்பேக் லாரன்ஸ் ஃபிலிப்ஸ், முன்னாள் தோழியைத் தாக்கியதற்காகக் கைதானார். கோச் டாம் ஆஸ்போர்ன் சஸ்பெண்ட் செய்தார். நீதிமன்றத்தில் ஃபிலிப்ஸ் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் அணி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஃபுட்பால்தான் அந்தப் பையனின் வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது, அதையும் பிடுங்கினால் இன்னும் கெட்டுப்போவான் என்பது ஆஸ்போர்னின் வாதம். 1996 ஜனவரி 2 அன்று ஃபியெஸ்டா போல் ஆட்டத்தில் ஃபிலிப்ஸ் தொடக்க வீரராக ஆடினார், நெப்ராஸ்கா 62-24 என்று ஃபுளோரிடாவை வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. ஆஸ்போர்ன் சொன்ன காரணத்தை அன்றே பலர் நம்பவில்லை. எனக்கும் அது முழுதாக ஒட்டவில்லை, அவ்வளவு பெரிய ஆட்டம் எதிரே இருக்கும்போது. அது கிடக்கட்டும். அணி திரும்பச் சேர்த்துக்கொண்டது என்பதை வைத்து "ஃபிலிப்ஸ் மீதான களங்கம் நீங்கியது" என்று எழுத முடியுமா? முடியாது. அப்படியானால் விலக்கியதை வைத்து மட்டும் "உறுதியானது" என்று எப்படி எழுதுகிறோம்?

எனவே கட்டுரை எழுதுமுன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் என்ன நிலை, பல்கலைக்கழகத்தில் என்ன நிலை, அணியில் என்ன நிலை. தெரியாத வரியில் "தெரியாது" என்றே எழுதுங்கள், பக்கத்து வரியிலிருந்து கடன் வாங்கி நிரப்பாதீர்கள். அணியிலிருந்து நீக்கப்பட்டவர் அதே கல்லூரியில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவருடைய ஸ்காலர்ஷிப் தொடரலாம், நிற்கலாம்; அது தனிக் கேள்வி. அவரே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்குப் போகப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு தடை உண்டு: 2015-இல் எஸ்.இ.சி. மாநாடு, அதாவது தென்கிழக்குப் பகுதிக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு, கொண்டுவந்த விதிப்படி, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற கடுமையான நடத்தைக் குற்றத்துக்காக ஒரு கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை எடுத்து வெளியேற்றியவரை அந்த மாநாட்டின் அணிகள் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

"அணி விதிகளை மீறியதற்காக" என்று வந்தால் காரணத்தை ஊகிப்பது

காலைப் பயிற்சிக்கு இரண்டு முறை தாமதமாக வந்திருப்பார். வேறு ஏதோவாகவும் இருக்கும். மாணவர் பற்றிய தகவலை வெளியிடச் சட்டம் தடையாக இருக்கிறது என்று பல்கலைக்கழகம் கையை விரித்துவிடும். நீங்கள் போதைப்பொருள் என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் என்.சி.ஏ.ஏ. தலையில் கட்டுவது

"கைதான வீரருக்கு என்.சி.ஏ.ஏ. தடை விதிக்குமா?" என்று கட்டுரையை முடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. என்.சி.ஏ.ஏ. என்பது கல்லூரி விளையாட்டை நாடு முழுதும் நிர்வகிக்கும் அமைப்பு. அது பொதுவாகத் தடை விதிக்காது. வீரர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், அடிதடியில் இறங்கினார் என்பதெல்லாம் கல்லூரியும் மாநாடும் பார்த்துக்கொள்ளும் விஷயம். என்.சி.ஏ.ஏ. பார்ப்பது ஆட்டத் தகுதி: பணம், பந்தயம் கட்டுவது, படிப்பில் மோசடி, ஆள்சேர்ப்பு.

அதனால்தான் சட்டப்படி குற்றமே இல்லாத காரியத்துக்கு அங்கே பெரிய தண்டனை விழும். 2010 டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டின் டெரெல் பிரையர் உள்ளிட்ட ஐந்து வீரர்களுக்கு அடுத்த சீசனில் ஐந்து ஆட்டத் தடை. செய்தது என்ன? தங்கள் சாம்பியன்ஷிப் மோதிரம், ஜெர்சி மாதிரியான சொந்தப் பொருள்களை விற்றது, பச்சை குத்திக்கொள்வதில் சலுகை வாங்கியது. அந்த விவகாரம் கடைசியில் கோச் ஜிம் டிரெஸலின் பதவியையும் கொண்டுபோனது. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து வெளிப்படையாகச் சம்பாதிக்கிறார்கள். பழைய செய்தியைத் தூசிதட்டி எழுதும்போது அந்த ஐவரையும் "குற்ற வழக்கில் சிக்கியவர்கள்" பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது அநியாயம்.

ஃபெலனியா (கடுங்குற்றம்), மிஸ்டிமீனரா (சிறு குற்றம்) என்று பார்க்காமல் விடுவது

2023 மார்ச் 1 அன்று ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் ஜேலன் கார்ட்டருக்குக் கைது வாரன்ட் பிறந்தது. ஜனவரி 15 அன்று நடந்த கார் விபத்தில் அவருடைய சக வீரர் டெவின் வில்லக்கும் அணி ஊழியர் சாண்ட்லர் லெக்ராயும் இறந்துபோனார்கள். லெக்ராய் ஓட்டிய காரோடு கார்ட்டர் பந்தயம் போட்டு ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு உயிர் போனதால் நம் ஆட்கள் சிலர் "மரணம் விளைவித்த வழக்கு" என்று எழுதிவிட்டார்கள். அவர் மேல் இருந்தவை பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டியது, சாலையில் பந்தயம் ஓட்டியது என்ற இரண்டு மிஸ்டிமீனர்கள். அதே மாதம் 16 அன்று "நோ கான்டெஸ்ட்" சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை, தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற நிலை அது. 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம், 80 மணி நேர சமூக சேவை. "குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினாலும் தப்பு, "தப்பினார்" என்று எழுதினாலும் தப்பு.

டார்கெட்டிங் சஸ்பென்ஷனை ஒழுங்கு நடவடிக்கையோடு சேர்ப்பது

இரண்டாம் பாதியில் தலையால் மோதி வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியில் ஆட முடியாது என்றே பல சீசன்கள் இருந்தது. ஆட்ட விதி, அவ்வளவுதான்.

முதல் நாளோடு நிறுத்திவிடுவது

2023 ஆகஸ்டில், அயோவா மாநிலக் கல்லூரி வீரர்கள் விளையாட்டுப் பந்தயம் கட்டிய விவகாரம் வெடித்தபோது தமிழில்கூட உடனே எழுதினார்கள். அயோவா ஸ்டேட் குவார்ட்டர்பேக் ஹன்டர் டெக்கர்ஸ் முதல் பலர் மீது, வேறொருவர் பெயரில் கணக்கு வைத்துப் பந்தயம் கட்டி ஆவணத்தில் பொய்த் தகவல் சேர்த்ததாக வழக்கு. டெக்கர்ஸ் வயது வராமல் பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டு 645 டாலர் அபராதத்தோடு வெளியே வந்தார். பெரிய குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சிலர் ஒப்புக்கொள்ளாமல் வாதாடினார்கள். மாநில விசாரணை அமைப்பு வாரன்ட் இல்லாமல் வீரர்களின் ஃபோன் எங்கிருந்து பந்தயம் கட்டியது என்று தேடியது சட்டவிரோதம் என்று அவர்களின் வக்கீல்கள் கிளப்பினார்கள். 2024 மார்ச் 1 அன்று, ஐசையா லீ உள்ளிட்ட நான்கு பேர் மீதான வழக்குகளை அரசுத் தரப்பே கைவிட்டது. அதற்குள் அவர்களின் ஒரு சீசன் போயிருந்தது.

இந்தப் பக்கம் இன்னொன்று. அயோவா அணியின் நோவா ஷானன் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் பந்தய விதியை மீறியதற்காக என்.சி.ஏ.ஏ. தடையில் அவருக்கு 2023 சீசன் முழுதும் போனது.

கைதுச் செய்தி எழுதினால் அன்றே அடுத்த வாய்தா தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டி நீதிமன்றங்கள் பலவற்றின் வழக்கு நிலையை இணையத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. முடிவு வந்ததும் பழைய கட்டுரையின் தலையிலேயே அதைச் சேருங்கள். அடியில் இரண்டு வரி போட்டால் அங்கே வரை யாரும் படிப்பதில்லை.

சமரசத் தொகையை ஒப்புதலாக எழுதுவது

2016 ஜனவரியில் ஃபுளோரிடா ஸ்டேட், வின்ஸ்டன் மீது புகார் சொன்ன பெண் பல்கலைக்கழகத்தின் மேல் தொடுத்த வழக்கை 9,50,000 டாலருக்கு முடித்துக்கொண்டது. பணம் கொடுத்தது பல்கலைக்கழகம், பொறுப்பை அது ஒப்புக்கொள்ளவும் இல்லை. வின்ஸ்டன் கொடுத்ததாக எழுதிய கட்டுரை ஒன்று போன வாரமும் எனக்குத் திருத்த வந்தது.