தெர்மாகோலில் ஒரு வேலூர்க் கோட்டை

புது டிவி, மிக்சி வந்த பெட்டியில் இருக்கும் தெர்மாகோலைத் தூக்கிப் போடாதீர்கள். 28 மி.மீ. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்கு அதுதான் கோட்டைச் சுவர். 1806 சிப்பாய்க் கிளர்ச்சியை மேசைமேல் நடத்த நினைக்கும் வேலூர்க்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், பார்த்துச் செய்ய அசல் கோட்டையே ஊர் நடுவில் நிற்கிறது.

சுவர் ஏழெட்டு செ.மீ. உயரம் போதும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் வரிசைகளை அழுத்திக் கீறுங்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவில் இருந்தால் குளியலறை டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி ஒத்தி எடுத்தால் கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும்.

இங்கேதான் கவனம் தேவை: ஸ்பிரே பெயிண்ட்டை நேரடியாக அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். முதலில் ஃபெவிகாலில் கறுப்பு போஸ்டர் கலரும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து, இண்டு இடுக்கு விடாமல் இரண்டு கோட் பூசுங்கள். நம்ம ஊர்ச் சூட்டுக்கு மாடி நிழலில் வைத்தாலே காய்ந்துவிடும் (அதற்காவது உதவட்டுமே). பிறகு பிரஷ்ஷில் சாம்பல் நிறம் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேலோட்டமாக இழுங்கள். கற்களின் விளிம்பு மட்டும் எடுப்பாகத் தெரியும்.

அடியில் மண்ணுக்கு, வடிகட்டிய டீத்தூள். நன்றாகக் காயவைத்து ஒட்டுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.