நீட் எழுத ஹிஜாபோடு போகிறீர்களா? முதலில் ஊக்கைக் கழற்றுங்கள்

என் தங்கை மகளைத் திருநெல்வேலியில் நீட் எழுதக் கூட்டிப் போனேன். தாடைக்குக் கீழே குத்தியிருந்த ஒரே ஒரு ஊக்கில் மெட்டல் டிடெக்டர் கத்திவிட்டது. சோதித்த பெண் "இதைக் கழட்டும்மா" என்றதும், ஊக்கையா ஹிஜாபையா என்று தெரியாமல் பிள்ளை அழுதுவிட்டாள். ஊக்கைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதனால் ஊக்கு இல்லாமல் கட்டப் பழகுங்கள். ஷிஃபான், ஜார்ஜெட் வேண்டாம், வழுக்கும். தலைவழியாக அப்படியே மாட்டுகிற ஜெர்சி ஹிஜாப் நல்லது. நீளத் துணிதான் வேண்டுமென்றால் நுனியை உள்தொப்பியின் ஓரத்தில் செருகிவிடுங்கள். அதைக் கட்டிக்கொண்டே வீட்டில் ஒரு மாதிரித் தேர்வு முழுசாக எழுதிப் பாருங்கள். தேர்வு மே மாதம், வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. அபாயாவில் கல், உலோகப் பொத்தான் எதுவும் வேண்டாம். காலுக்குச் செருப்புதான் போட வேண்டும்; ஷூ கூடாது.

விண்ணப்பப் புகைப்படத்தில் காது தெரிய வேண்டும் என்பார்கள். ஸ்டூடியோவில் துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி எடுங்கள்.

அடுத்தது நேரம். மற்றவர்களுக்கு 1.30 வரை கேட் திறந்திருக்கும். சமய வழக்க உடையில் வருபவர்கள் சோதனைக்காக ஒரு மணி நேரம் முன்னதாக, 12.30க்கே வந்துவிட வேண்டும். லுஹர் வக்தும், அதாவது நண்பகல் தொழுகை நேரமும், ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. தொழுகைக்கான கை, கால், முகம் கழுவலை முடித்து, ஒளுவோடு போங்கள். எங்கள் பிள்ளை கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் தொழுதுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கேட்டில் யாராவது "ஹிஜாபுக்கு அனுமதி இல்லை" என்றால் சண்டை போடாதீர்கள், கழற்றவும் செய்யாதீர்கள். நீட்டை நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் அந்த வருடக் கையேட்டில் உடை பற்றிய பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வாப்பா கையில் கொடுத்து வையுங்கள். வழக்க உடைக்கு அனுமதி உண்டு என்பதும், பெண்களை மறைவான இடத்தில் பெண்கள்தான் சோதிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். இது சும்மா கிடைத்துவிடவில்லை. அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வை சிபிஎஸ்இ நடத்திய காலத்தில், 2015இல், அதில் ஹிஜாபுக்கு இருந்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுவருடம் கேரள உயர் நீதிமன்றம்தான், சோதனைக்காகத் தேர்வுக்கு அரை மணி நேரம் முன்னால் வந்தால் அணியலாம் என்றது.

சிலர் கர்நாடகத்தின் ஹிஜாப் தடையை இழுப்பார்கள். 2022 பிப்ரவரியில் அங்கே போட்ட உத்தரவு அந்த மாநிலக் கல்வி நிலையங்களின் சீருடை பற்றியது. அந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அதே அக்டோபரில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். நீட் கேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நிகாப் போடுகிறவர்கள் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். பெண் ஊழியரிடம் காட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உம்மாவின் பையில் இன்னொரு ஹிஜாப் இருக்கட்டும், ஊக்கு இல்லாதது.