அளவு ஜாக்கெட்டில் வந்த பூனை

செங்கோட்டையில் பதினாறு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஓணம் நெருங்கினால் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் துணி வரும். அப்படி ஒரு அக்கா கொடுத்த அளவு ஜாக்கெட்டை உதறி மேஜையில் விரித்தேன், தும்மல் பிடித்துக்கொண்டது. கண் இரண்டும் கோவைப்பழம். வெட்ட வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். தைத்ததை வாங்க வந்தவரிடம் கேட்டேன்: "வீட்டுல பூனை உண்டாக்கா?"

"மூணு கெடக்கு. ஒனக்கு யாரு சொன்னா?"

என் கடைக்குள் பூனை கால் வைத்ததே இல்லை. எனக்கு அலர்ஜியைக் கிளப்பியது துணியிலேயே ஒட்டி வந்திருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு வந்த என் மகள் ஒரு பிராணி வளர்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, இந்த ஜாக்கெட்தான் எனக்குப் பாடம்.

அலர்ஜியோடு பிராணி வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் முடியை மறந்துவிடுங்கள். நமக்கு ஆகாதது முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கும். நக்கியது காய்ந்து தூளாக உதிரும். அந்தத் தூள் மிக நைசு. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், சுவரிலும் துணியிலும் ஒட்டும். பூனையையே வெளியேற்றினாலும் வீட்டில் அதன் அளவு இறங்க நாலைந்து மாதம் ஆகும். "பூனையைக் கொடுத்து ஒரு வாரமாச்சு, தும்மல் நிக்கலையே" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

நாய்க்கும் எச்சில், தோல் செதில்தான். அதனால் 'அலர்ஜி வராத ஜாதி' என்று குட்டிக்கு விலை ஏற்றிச் சொல்பவரிடம் பணத்தை நீட்டாதீர்கள். பூடில் வகை நாய்கள் இருக்கும் வீட்டுத் தூசியை அளந்து பார்த்தவர்களுக்கும் அதில் நாய்ப் புரதம் குறைவாகக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறைக்கு முடி குட்டை, நம் வெயிலைத் தாங்கும், குளிப்பாட்டினால் சீக்கிரம் காயும். அதற்காக வளர்க்கலாம். மூக்குக்கு நல்லது என்று சொல்லி வளர்க்காதீர்கள்.

அடுத்தது பரிசோதனை. முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்து எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். நான் முதல் தடவை வீணாகப் போய்வந்தேன். மூன்று நாளைக்கு முன்பு செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டிருந்தேன்; அது உடம்பில் இருந்தால் தடிப்பு எழாது. ஒரு வாரமாவது முன்னாலேயே நிறுத்த வேண்டியிருக்கும், அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். இரண்டாம் தடவை பூனைக்கு உளுந்தைவிடப் பெரிய தடிப்பு. படுக்கையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கு, அதுதான் டஸ்ட் மைட், அதைவிடப் பெரியது. நாய்க்குச் சின்னதாக ஒரு சிவப்பு.

ஆண் நாயின் புரோஸ்டேட் சுரப்பியில் மட்டும் உண்டாகும் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒன்றுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் பெட்டை நாயோடு சும்மா இருக்கலாம். தனி ரத்தப் பரிசோதனையில் தெரியும். பூனையிலும் காயடிக்காத கடுவனிடம்தான் முதலில் சொன்ன பூனைப் புரதம் அதிகம்.

காகிதம் சொன்னதை உடம்பும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். புனலூரில் அண்ணன் வீட்டில் இரண்டு பூனை. 2018-லிருந்து மலைப்பாதையில் அகல ரயில் ஓடுவதால் போய்வருவது லேசு. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் ராத்திரி நெஞ்சுக்குள் விசில். மதினி கொல்லத்துக்காரி. "அதொன்னும் சாரமில்ல, ரெண்டு திவசம் கழிஞ்சா பழகிரும்" என்றாள். பழகும் என்று நம்பி இருக்காதீர்கள். சிலருக்கு நாளாக நாளாகக் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே இழுப்பு, இன்ஹேலர் என்று இருப்பவர்கள் இப்படித் தங்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம். நான் பண்ணியதும் தப்புதான்.

பூனை இல்லை என்று முடிவானது. மகள் ஒருநாள் சாப்பிடவில்லை.

பிறகு தெருக்கோடி வீட்டு நாய் குட்டி போட்டது. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் போய் மடியில் வைத்திருந்தேன். அதே சேலையோடு வந்து படுத்தும் பார்த்தேன். மூக்கு லேசாக நமநமத்தது, அவ்வளவுதான். பெட்டைக்குட்டி ஒன்றை எடுத்துவந்தோம். பேர் ரோசி. இந்த மூன்று வாரத்தைத் தவிர்த்துவிட்டுக் குட்டியைத் தூக்கிவந்து, ஆறு மாதம் கழித்து மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம்.

மற்ற பிராணிகள் பற்றிச் சுருக்கமாக. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் எச்சிலிலும் மூத்திரத்திலும் அதே தொல்லை. புறா எச்சத் தூசி நுரையீரலையே கெடுக்கும். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மீன் நல்லதுதான், ஆனால் காய்ந்த புழுத் தீனித் தூளைக் கொட்டும்போது தும்முகிறவர்களும் உண்டு.

இனி வீடு. ரோசிக்கு வீட்டு முன்பக்கத் தார்சாவும் புறவாசலும் சொந்தம். படுக்கையறை வாசலைத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேரம் மூச்சு விடும் அறை அது, அங்கே மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். வாரம் இரண்டு குளியல், அதற்குக் குறைந்தால் பலன் தங்காது. குளிப்பாட்டுவதும் சீவுவதும் என் வீட்டுக்காரர், அதுவும் வெளியில். நான் பக்கத்தில் போவதில்லை. விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் கிடையாது, ஈரத்துணிதான். ஃபேன் றெக்கையை மாதம் இரண்டு தடவை துடைக்கிறோம்.

தலையணை பற்றி ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன். 'அலர்ஜி உறை' என்று விற்பதை வாங்குமுன் துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிப் புள்ளியாய் வெளிச்சம் தெரிந்தால் அது வெறும் உறை. இழை நெருக்கமாக இருக்க வேண்டும், நாலு பக்கமும் மூடி ஜிப் வைத்திருக்க வேண்டும். ஜிப்புக்கு மேலே ஒரு பட்டி வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கும் இதே மாதிரி ஒன்று தைத்தேன். வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பை நல்ல வெந்நீரில் அலச வேண்டும். 55 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் தூசிப்பூச்சி சாகும். கை பொறுக்கும் சூட்டில் அது நீந்திவிட்டுப் போகும்.

ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் எங்கள் ஊரில் இதெல்லாம் பாதி தோற்கும். சுவர் ஓதம் காக்கும், ஜன்னலைத் திறக்க முடியாது, விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. ஈரம் கூடக்கூடத் தூசிப்பூச்சியும் பெருகும். போன வருஷம் அந்த இரண்டு மாதமும் டாக்டர் தந்த மூக்கு ஸ்ப்ரேயைச் சாரலுக்கு முன்பே தொடங்கினேன். தும்மல் வந்தபின் அடித்தால் உடனே கேட்காது, தினமும் அடித்தால்தான் வேலை செய்யும். படுக்கையறையில் ஹெப்பா ஃபில்டர் மிஷின் வைத்தோம். அது காற்றில் மிதப்பதைத்தான் பிடிக்கும், மெத்தையில் கிடப்பதை ஒன்றும் செய்யாது. ஊசி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. மூன்று முதல் ஐந்து வருஷம் விடாமல் போக வேண்டும். நான் இன்னும் தொடங்கவில்லை.

மதினி இந்த ஓணத்துக்கு எட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாள். அளவு ஜாக்கெட்டை வெந்நீரில் துவைத்து, பாலிதீன் பையில் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.